கண்டிப் பயணமும் தச்சர்களின் பெயர்களும்

எமது பாடசாலைகளிலிருந்து கண்டிக்குச் சுற்றுலாச் செல்லாத ஆண்டே இல்லை எனலாம். சுபஹுக்கு முன்னர் பஸ் புறப்படும். பேராதனைப் பூங்கா, வாவிக்கரை, தலதா மாளிகையின் வெளிமுற்றம், பின்னர் கடைத்தெரு. இருட்டிய பின் பொதிகளை மடியில் வைத்துத் தூங்கியபடி பிள்ளைகள் ஊர் திரும்புவர். நானும் பல தடவைகள் இவ்வாறு அழைத்துச் சென்று வந்தவன்தான்.

இம்முறை பயணம் பற்றி வகுப்பில் பேசியபோது ஓடாவி ஒருவரின் மகன் எழுந்து, "சேர், அங்க மரவேல பாக்க ஏலுமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். வாப்பாவின் தொழிலைப் பற்றிக் கேட்டதற்காக ஒரு பிள்ளை வெட்கப்பட நேர்ந்தது என் மனதைத் தைத்தது. அவனுக்குச் சொல்லவேண்டிய பதிலைத் தேடியபோது, கண்டிப் பயணத்தையே வேறு ஒழுங்கில் அமைக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. அந்த ஒழுங்கையும் அதன் பின்னாலுள்ள வரலாற்றையும் இங்கு எழுதுகிறேன்.

மரவேலை பார்க்கப் போகிறவர்கள் முதலில் நகருக்குள் நுழையக்கூடாது. கொழும்பு வீதியில் பிலிமத்தலாவையில் இறங்கி, உடுநுவரப் பக்கம் திரும்பவேண்டும். கண்டி தலைநகராவதற்கு முன்னர், 14 ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசர்களின் ஆட்சி நடந்த நிலம் இது. கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க ஆகிய மூன்று வழிபாட்டிடங்களும் இங்கு சில கிலோமீற்றர் இடைவெளிகளில் உள்ளன. முதல் நாள் முழுவதையும் இவற்றுக்கே ஒதுக்கலாம்.

கடலாதெனிய விகாரை 1344 இல் எழுந்தது. அது கல்லால் ஆனது. அதன் கல்வெட்டு, கட்டிய சிற்பியின் பெயரைக் கணேசுவராச்சாரி எனக் கூறுகிறது. பௌத்த விகாரையின் தூண்களிலும் கூரையிலும் தென்னிந்தியக் கோயிற் கலையின் சாயல் இருப்பதற்குக் காரணம் இந்தக் கைகள்தாம். அடுத்துள்ள லங்காதிலகவில் சிங்களக் கல்வெட்டுடன் தமிழ்க் கல்வெட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. உலகம் சுற்றிய இப்னு பதூதா இலங்கைக்கு வந்து பாவாத மலை ஏறியதும் அதே 1344 ஆம் ஆண்டில்தான். மலைநாடு அன்று அடைபட்ட நாடாக இருக்கவில்லை. வெளியிலிருந்து யாத்திரிகரும் வந்தனர், வேலைக்காரரும் வந்தனர்.

மூன்றாவதான எம்பெக்க தேவாலயமே எமது பயணத்தின் உயிர். மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில், 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கதிர்காமத் தெய்வத்துக்காக எழுப்பப்பட்டது இது. இதன் மேள மண்டபமான 'திக்கே'யைச் செதுக்கப்பட்ட மரத்தூண்கள் தாங்கி நிற்கின்றன. கம்பளை அரசரின் மண்டபமொன்றிலிருந்து இத்தூண்கள் கொண்டுவரப்பட்டன என்ற மரபும் உண்டு. தலைமைத் தச்சர் தெல்மட மூலாச்சாரி என்று ஊர் வழக்குச் சொல்கிறது.

மரம் வேங்கை. சிங்களத்தில் 'கம்மாலு' என்பர். ஒவ்வொரு தூணும் அடியில் சதுரமாகத் தொடங்கி, எண்பட்டையாக மாறி, மீண்டும் சதுரமாகிறது. சதுரமான இடங்களில்தான் செதுக்கல்கள். மல்லர் இருவர், குதிரைவீரன், நடனமாது, பாலூட்டும் தாய், கழுத்துகள் பின்னிக்கொண்ட அன்னங்கள், இருதலைப்புள், தாமரை, கொடிகள் என மொத்தம் 514 வேலைப்பாடுகளைக் கணக்கிட்டுள்ளனர். தூணின் தலையில் கவிழ்ந்த தாமரையாகத் தொங்கும் 'பெகட', தமிழ்நாட்டுச் சிற்பிகள் போதிகை என்று சொல்லும் உறுப்பின் உறவினர்.

பிள்ளைகள் தூண்களைப் பார்த்து முடித்ததும் தலையை உயர்த்திக் கூரையைப் பார்க்கச் சொல்லவேண்டும். மண்டபத்தின் முனையில் 26 கைமரங்கள் ஒரே இடத்துக்கு இறங்கி வருகின்றன. அவை அனைத்தையும் 'மடொல் குருபாவ' எனப்படும் பெரியதொரு மரமுளை பிடித்து வைத்திருக்கிறது. செதுக்கல் கண்ணுக்கு விருந்து. ஆனால், மரவேலை அறிந்தவர் இந்த முளையின் கீழ்தான் அதிக நேரம் நிற்பார். ஒவ்வொரு கைமரத்தின் சரிவும் நீளமும் வேறு. அத்தனையையும் தரையிலேயே கணக்கிட்டு வெட்டி மேலே ஏற்றியவருக்குக் கேத்திரகணிதம் கைவந்த கலையாக இருந்திருக்கவேண்டும். எனது ஓடாவியின் மகனுக்கு நான் சொல்ல விரும்பும் முதற்பதில் இதுதான்.

உருவங்கள் செதுக்கிய பிறமத இடங்களுக்கு எமது பிள்ளைகளை ஏன் அழைத்துச் செல்வது என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. அக்கேள்வியை நான் மதிக்கிறேன். வணங்குவது வேறு, வேலைத்திறனைக் கண்டு படிப்பது வேறு என்பதே எனது விடை. எம்பெக்கயின் 'லியவெல' எனும் கொடிவேலையைப் பார்த்த பிள்ளைக்கு, எமது பழைய மிம்பர்களில் ஓடும் கொடியும் புரியும். ஒரே உளிக்கு இரண்டு இடத்திலும் வேலை இருந்தது.

இவ்வளவு பழைய தொழில் எம்பெக்கயைச் சுற்றி இன்றும் எப்படி எஞ்சியிருக்கிறது? இதற்கு விடை காணியில் இருக்கிறது. கண்டி அரசில் தொழிலாளி கூலிக்கு வேலை செய்யவில்லை. அரசனோ விகாரையோ தேவாலயமோ கொடுத்த காணியை உழுது உண்டு, அதற்கீடாகத் தன் தொழிலைச் செய்தான். இதுவே இராஜகாரியம். தொழில்கள் 'பத்த' எனும் பிரிவுகளாக நிர்வகிக்கப்பட்டன. கம்மாளரும் தச்சரும் 'கொட்டல் பத்த'வில் இருந்தனர். பொதிமாடுகளைத் தவளமாக ஓட்டி உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கைக் கீழிறக்கிய முஸ்லிம்கள் 'மடிகே பத்த'வில் இருந்தனர். 1626 இல் போர்த்துக்கேயர் தமது பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதை நாம் அடிக்கடி நினைவுகூருகிறோம். மலைநாட்டில் தச்சனைப் போலவே எம்மவரும் காணி பெற்றுச் சேவை செய்த குடிகளாக இருந்தனர் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை.

1815 இல் அரசு வீழ்ந்தது. 1832 இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாயச் சேவையிலிருந்து மக்கள் விடுபட்டது நல்லதே. ஆயினும், அரசனின் பட்டறைகளை நம்பியிருந்த கைகள் ஆதரவற்றுப் போயின. விகாரை, தேவாலயக் காணிகள் அந்த ஒழிப்பிலிருந்து விலக்கப்பட்டன. 1870 ஆம் ஆண்டுச் சட்டம் அச்சேவையைப் பணமாகச் செலுத்தவும் இடமளித்தது. எனினும் காணியும் கடமையும் ஒன்றாக இருந்த இடங்களில் தொழில் தொடர்ந்தது. எம்பெக்கயைச் சூழ இன்றும் உளிச்சத்தம் கேட்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. சிறிய பட்டறையொன்றில் அனுமதி கேட்டு அரைமணி நேரம் பிள்ளைகளை உட்காரவைப்பது, பத்துக் கடைகள் ஏறி இறங்குவதைவிட மேலானது. நாருக்கு எதிரே உளி ஓடினால் மரம் எப்படிப் பிய்கிறது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

இரண்டாம் நாளை நகருக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் மகுல் மடுவ. இராஜாதி இராஜசிங்கன் 1783 இல் தொடங்கிய இந்த அரசவை மண்டபத்தின் மரத்தூண்களை எம்பெக்கத் தூண்களுடன் ஒப்பிடச் சொன்னால், 400 ஆண்டுகளில் எது மாறியது, எது மாறவில்லை என்பதைப் பிள்ளைகளே சொல்வர். 1815 மார்ச் 2 இல் நாட்டைப் பிரித்தானியருக்குக் கையளித்த உடன்படிக்கை இத்தூண்களுக்கு நடுவில்தான் கைச்சாத்தானது. அருகே தலதா மாளிகையின் எண்கோண மண்டபமான பத்திரிப்புவ தெரியும். அதையும் வாவியையும் அமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி.

வாவிக்கரையில் கண்டியக் கலைச் சங்கத்தின் நிலையம் உள்ளது. அச்சங்கம் 1882 இல் தொடங்கப்பட்டது. அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை இதே கண்டியில் ஆரம்பித்ததும் 1882 இல்தான். ஒரே நகரில் ஒரே ஆண்டில் ஒரு சாரார் நலிந்த கைத்தொழிலையும், எமது முன்னோர் நலிந்த கல்வியையும் தூக்கி நிறுத்த முயன்றுள்ளனர். பின்னர் ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுப் பணிக்காக ஊரூராகச் சென்றபோது கைவினைஞரைத் தேடிப் பார்த்து, 1908 இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை வெளியிட்டார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஒருவர்தான் சிங்களத் தச்சரின் முறைகளையும் சொற்களையும் அழியாமல் எழுதிவைத்தார்.

சில நடைமுறைக் குறிப்புகள். போயா தினங்களையும் எசல பெரஹெர நாட்களையும் தவிர்க்கவும். கால்களை மூடும் உடை அவசியம், பாதணி கழற்றவேண்டும். வெள்ளிக்கிழமையானால் நண்பகலில் நகரில் இருக்குமாறு திட்டமிட்டால், மீரா மக்காம் பள்ளிவாசலில் ஜும்ஆவை நிறைவேற்றலாம். கடைத்தெருவில் தொங்கும் முகமூடிகள் தென்கரை அம்பலாங்கொடை மரபைச் சேர்ந்தவை. கண்டியின் தொழில் என்று எண்ணி வாங்கவேண்டாம். எதை வாங்கினாலும், செய்தவர் யார் என்று கேட்டு வாங்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லவும்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட பின்னர், கண்டிப் பக்கம் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய பெற்றோரை நான் அறிவேன். அந்த அச்சம் பொய்யன்று. ஆனாலும், எமது தவளங்கள் ஏறிய பாதையை நாமே மறந்துவிட்டால் அங்கு எமக்கு இடமிருந்தது என்பதை யார் சொல்வது?

கணேசுவராச்சாரியின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. மூலாச்சாரிகளின் பெயர்கள் ஊரவர் நாவில் இருக்கின்றன. எமது ஊரின் பழைய பள்ளிவாசலை உடைத்துக் கொங்கிறீற்றில் கட்டியபோது, கொடிவேலை செய்த மர மிம்பர் ஒன்று கழற்றப்பட்டது. அதைச் செய்த ஓடாவியின் பெயரை வயது முதிர்ந்தவர்களிடம் கேட்டேன். "அந்த நாளையில ஒரு ஓடாவியார் வந்து செஞ்சார்" என்றுதான் சொன்னார்கள். அவர் இறந்து நூறாண்டுகூட ஆகியிராது.

கண்டியிலிருந்து திரும்பியதும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கவிருக்கும் வேலை இதுதான்: தத்தம் ஊரில் கதவும் தொட்டிலும் மிம்பரும் சந்தூக்கும் செய்தவர்களின் பெயர்களை விசாரித்துக் கொப்பியில் எழுதி வரவேண்டும். முதல் பெயரை அந்த ஓடாவியின் மகன் எழுதட்டும். அது அவனது வாப்பாவின் பெயராகவே இருக்கட்டும்.