பெண்களிடம் ஏ.டி.எச்.டி.

கவனச் சிதறல், துடுக்கு, அடங்காத பரபரப்பு ஆகியவற்றை அடையாளமாகக் கொண்ட ஏ.டி.எச்.டி., சிறுவயதிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சிக் கோளாறு. இருபாலருக்கும் வரும். ஆனால் நெடுங்காலம் இது பையன்களின் நோயாகவே கருதப்பட்டது.

1840-களில் பிராங்க்பர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் எழுதிய சிறுவர் படக்கதைகளில் பிலிப் என்றொரு பையன் வருகிறான். சாப்பாட்டு மேசையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, விழப்போகையில் மேசைவிரிப்பைப் பிடித்து இழுக்க, தட்டு, சூப் எல்லாம் தரையில். அதே நூலின் பிற்காலப் பதிப்புகளில், வானத்தைப் பார்த்தபடி நடந்து தண்ணீரில் விழும் ஹான்ஸும் உண்டு. ஜெர்மனியில் இக்கோளாறுக்கு வழக்குப் பெயராக நிலைத்தது பிலிப்பின் பெயர்தான்.

1902-ல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய உரைகளில் விவரித்த 20 குழந்தைகளில் 15 பேர் ஆண்கள். இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானதல்ல என்றே அவர் எண்ணினார். 1968-ல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதற்குச் சூட்டிய பெயரிலும் மிகை இயக்கமே முன்னின்றது. கனடாவின் உளவியலாளர் வர்ஜீனியா டக்ளஸ் முதலியோரின் ஆய்வுகளுக்குப் பின், 1980-ல்தான் பரபரப்பு இல்லாத கவனக்குறைவுக்கும் கையேட்டில் இடம் கிடைத்தது.

பெண்கள் தவறவிடப்பட்டதற்கு முதற்காரணம், மருத்துவரிடம் குழந்தையை அனுப்பியது பெரும்பாலும் ஆசிரியரின் புகார் என்பதே. வகுப்பைக் கலைக்கும் பையன்மீது புகார் எழுந்தது. கரும்பலகையைப் பார்த்தபடியே மனம் எங்கோ திரியும் சிறுமிமீது யார் புகார் சொல்வார்கள்? அவள் பையை மூன்று முறை சரிபார்த்துவிட்டும் நோட்டை வீட்டில் விட்டுவருவாள். ஒரு மணி நேர வீட்டுப்பாடத்தை நள்ளிரவு வரை இழுத்து, எப்படியோ முடித்துவிடுவாள். மதிப்பெண் வந்ததால் அந்தப் பாடு யார் கண்ணிலும் படவில்லை. அடக்கத்தைப் பெண்ணின் இயல்பாக எதிர்பார்க்கும் சமூகத்தில் குறையை மறைக்கவும் அவள் சிறுவயதிலேயே பழகிவிடுகிறாள். பின்னாளில் மனச்சோர்வு, பதற்றம் என்று சிகிச்சை பெறுகிறாள், வேர் தெரிவதில்லை. மகனுக்கோ மகளுக்கோ நோய் கண்டறியப்படும்போதே தன்னை அடையாளம் கண்டுகொண்ட தாய்மார் பலர்.

1990-களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1995-ல் உளசிகிச்சையாளர் சாரி சோல்டனின் நூல் வளர்ந்த பெண்களின் அனுபவத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் உளவியலாளர் ஸ்டீபன் ஹின்ஷா, இக்கோளாறுள்ள 140 சிறுமியரையும் இல்லாத 88 சிறுமியரையும் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து ஆராய்ந்தார். முதல் குழுவினரிடம் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் கூடுதலாக இருந்தன. பெண்களிடம் இக்கோளாறு ஆபத்தற்றது என்ற நம்பிக்கையை இதன் பிறகும் வைத்திருப்பதற்கு நியாயமில்லை.

2013-ல் கையேடு, அறிகுறிகள் தென்பட வேண்டிய வயது வரம்பை 7-லிருந்து 12-ஆக உயர்த்தியது. சிறுவயதில் மருத்துவமனைக்கு வருவோரில் இன்றும் பையன்களே மிகுதி. வளர்ந்தோரிடம் இருபாலரின் எண்ணிக்கையும் பெரிதும் நெருங்கிவிடுகிறது.