துருவும் நஞ்சும்: ஆர்செனிக் நீக்கத்தில் இரும்பு ஆக்சைடுகளின் வரலாறு (1834–2017)

முன்னுரை

குடிநீரிலிருந்து ஆர்செனிக்கை அகற்றப் பயன்படும் கனிமங்களில் இரும்பு ஆக்சைடுகள் முன்னிலையில் நிற்கின்றன. வேதியியல் வகைப்பாட்டில் ஆர்செனிக் ஓர் உலோகப்போலி. ஆயினும் அதன் நச்சுத்தன்மை கருதி நீர் ஆய்வுகள் அதைக் கன உலோகங்களோடு சேர்த்தே எண்ணுகின்றன. இரும்பு ஹைட்ராக்சைடு ஆர்செனிக்கைப் பிடித்துக்கொள்ளும் என்பது தெரியவந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டு ஆகிறது. அப்படியிருந்தும் வங்கத்தில் கோடிக்கணக்கானோர் நஞ்சு கலந்த நீரையே குடிக்க நேர்ந்தது. கனிமத்தைக் கண்டறிவதில் தாமதம் இல்லை. அதை மக்கள் கையாளத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவருவதிலும் பயன்படுத்தியபின் பேணுவதிலுமே தாமதம் நேர்ந்தது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்தாகத் தொடங்கிய இரும்பு

1834-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வேதியியலாளர் ராபர்ட் புன்சனும் மருத்துவர் ஆர்னால்டு பெர்த்தோல்டும் ஒரு நூலை வெளியிட்டனர். புதிதாக வீழ்படிவாக்கிய ஈர இரும்பு ஹைட்ராக்சைடை உட்கொண்டால், வெள்ளைப் பாஷாணத்தின் (ஆர்செனிக் ஆக்சைடு) நஞ்சு முறியும் என்பது அதன் முடிவு. இரைப்பையில் கரைந்திருக்கும் ஆர்செனிக்கை அந்தக் கூழ் பிடித்துக்கொண்டு, உடலில் சேராமல் தடுக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க மருந்து நூல்கள் இம்மாற்றுமருந்தை ஏற்றன. கூழ் புதிதாக இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அப்போதே இருந்தது. நாளாக ஆக அது உலர்ந்து படிகமாகி, கவரும் ஆற்றலை இழந்துவிடும். பிற்கால ஆய்வு முழுவதும் தீர்க்க முயன்ற சிக்கல் இதுதான்.

அளவிடும் அறிவியல்

கவரும் ஆற்றலைக் கணக்கிடும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தன. கரைசலிலுள்ள செறிவுக்கும் பரப்பில் ஒட்டும் அளவுக்கும் உள்ள தொடர்பை 1909-இல் ஃபிராய்ண்ட்லிக் சமன்பாடாக்கினார். பரப்பிலுள்ள இடங்களுக்கு எல்லை உண்டு, அவை நிரம்பியதும் கவர்தல் நின்றுவிடும் என்ற கருத்தை 1918-இல் லாங்மியூர் வகுத்தார். ஒரு வடிகட்டியின் ஆயுளை முன்கூட்டிக் கணிப்பதற்கு இவையே அடிப்படை.

கனிமத்தின் பரப்பில் நிகழ்வதை நெருங்கிப் பார்த்தால் இந்தக் கவர்தலின் வலிமை விளங்கும். இரும்பு ஆக்சைடின் வெளிப்பரப்பு முழுவதும் ஹைட்ராக்சில் தொகுதிகள். ஆர்செனிக்கின் ஆக்சிஜனேற்றமடைந்த வடிவமான ஆர்சனேட் அயனி அவற்றை வெளியேற்றிவிட்டு, தன் இரண்டு ஆக்சிஜன் அணுக்களால் அடுத்தடுத்த இரு இரும்பு அணுக்களோடு நேரடியாகப் பிணைகிறது. எக்ஸ் கதிர் உட்கவர் ஆய்வுகள் 1990-களில் இப்பிணைப்பை உறுதிசெய்தன. ஆனால் நிலத்தடி நீரில் மிகுந்திருப்பது பெரும்பாலும் அதன் ஒடுக்கமடைந்த வடிவமான ஆர்சனைட். இயல்பான பிஎச் அளவில் அதற்கு மின்சுமை இல்லை; எனவே அதை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்தால் நீக்கம் எளிதாகும். பாஸ்பேட்டும் சிலிகேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடுவதால், ஆய்வகத்தில் வாலை வடிநீரில் கிடைத்த வெற்றி கிணற்று நீரில் அப்படியே கிடைப்பதில்லை.

வங்கத்தின் பேரிடர்

குளத்து நீரால் பரவிய வாந்திபேதியிலிருந்து குழந்தைகளைக் காக்க, 1970-கள் முதல் வங்கதேசத்தில் யூனிசெஃப் ஆதரவோடு பெருமளவில் குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. மேற்கு வங்கத்தில் தோல் நோயோடு வந்தவர்களிடம் ஆர்செனிக் நச்சேற்றத்தை 1983-இல் கொல்கத்தாவின் தோல்நோய் மருத்துவர் கே. சி. சாகா அடையாளம் கண்டார். வங்கதேசத்தில் 1993-இல் அது உறுதியானது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் வரையறையை லிட்டருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. 2001-இல் வெளியான பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தின் அறிக்கைப்படி, சோதித்த ஆழமற்ற கிணறுகளில் 27 சதவீதம் 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன.

இந்த நஞ்சு எந்த ஆலையிலிருந்தும் வரவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் சுமந்துவந்த வண்டல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடே ஆர்செனிக்கைப் பிடித்து வைத்திருந்தது. காற்றில்லா ஆழத்தில் மட்கும் கரிமப் பொருளை உண்ணும் நுண்ணுயிரிகள் அந்த ஆக்சைடைக் கரைக்க, ஆர்செனிக் நீரில் விடுபட்டது. இரும்பு வடிகட்டி செய்வது, மண்ணுக்கடியில் அறுந்த அந்தப் பிணைப்பைத் திரும்ப ஏற்படுத்துவதே.

கூழிலிருந்து மணிகளுக்கு

கூழை அப்படியே குழாயில் அடைத்தால் நீர் ஓடாது. நீரோடு கூழும் வெளியேறும். 1990-களில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிரீஹவுஸும் யெக்கெலும் இரும்பு ஹைட்ராக்சைடைக் கெட்டியான மணிகளாக்கினர். ஒரு கிராமுக்கு 250 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு குறையாமலே நீர் தடையின்றி ஓடியது.

வங்கதேசத்தில் அபுல் உசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டி வேறு வழியில் சென்றது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாளிகள். மேல் வாளியில் ஆற்று மணலுக்கு நடுவே பதப்படுத்திய இரும்புத் துருவல், கீழ் வாளியில் மணல், கரி, செங்கல் ஜல்லி. இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்கப் புதுப் புதுப் பரப்பு தோன்றிக்கொண்டே இருக்கும். புன்சன் வலியுறுத்திய புதுமை இங்கே வாளிக்குள்ளேயே உருவாகிறது. 2007-இல் அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் பரிசில் இது தங்க விருது பெற்றது.

2017-இல் சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழுவினர் படிகமாதல் சிக்கலையே நேரடியாகத் தீர்த்தனர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசான் வலைக்குள், ஃபெர்ரிஹைட்ரைட் என்ற இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களை அடைத்ததால், அவை நிலைத்த படிகமாக மாறாமல் கவரும் ஆற்றலைத் தக்கவைத்துக்கொண்டன. அம்ரித் என்ற பெயரில் இத்தொழில்நுட்பம் பயன்பாட்டில் உள்ளது.

நிறைவடையாத பகுதி

வடிவம் தேறியும் களத்தில் தோல்விகள் தொடர்ந்தன. மேற்கு வங்கத்தின் தெற்கு 24 பர்கானா மாவட்டத்திலுள்ள பாருய்பூரில் 11 நிறுவனங்களின் 18 நீக்கக் கருவிகளை இரண்டு ஆண்டுகள் கண்காணித்து 2005-இல் வெளியான ஆய்வு, ஒன்றுகூட 10 மைக்ரோகிராம் வரையறையைத் தொடர்ந்து காக்கவில்லை என்றது. மாறாக, 1997 முதல் அமெரிக்காவின் லீஹாய் பல்கலைக்கழகத்தின் அரூப் சென்குப்தாவும் ஹவுராவின் வங்கப் பொறியியல் கல்லூரியும் நிறுவிய சமூக வடிகட்டிகளில் கிராமக் குழுக்களே மாதக் கட்டணம் வசூலித்துப் பராமரித்தன. அவற்றின் கவர்பொருள் இரும்பு அல்ல, கிளர்வுற்ற அலுமினா (அலுமினிய ஆக்சைடு). அதைக் காரக் கரைசலால் கழுவித் திரும்பப் பயன்படுத்தினர். கழுவிய நீரிலிருந்த ஆர்செனிக்கை இரும்புக் கசடில் பிணைத்து, காற்றோட்டமுள்ள மணற்படுகையில் சேமித்தனர். காற்றில்லாக் குழியில் கொட்டினால், நிலத்தடியில் நடந்ததே குப்பைமேட்டிலும் நடந்து ஆர்செனிக் திரும்ப நீரில் கலக்கும்.

முடிவுரை

1834 முதல் 2017 வரை இரும்பு வழி நீக்கத்தில் அடிப்படைக் கனிமம் மாறவே இல்லை. கூழ், மணி, துருவல், வலைக்குள் அடைத்த நுண்துகள் என அதன் வடிவம் மட்டுமே மாறியது. ஒவ்வொரு மாற்றமும் பரப்பைப் புதிதாக வைத்திருப்பதற்கான விடை. எனவே ஒரு கவர்பொருளை அதன் கொள்ளளவை மட்டும் வைத்து மதிப்பிடுவது போதாது. கிணற்று நீரில் எத்தனை மாதம் உழைக்கிறது, நிரம்பியதை யார் மாற்றுகிறார்கள், மாற்றியது காற்றுள்ள இடத்தில் சேர்கிறதா என்ற மூன்றும் ஆய்வறிக்கையின் அளவீடுகளாக வேண்டும். இவற்றுக்கு விடை தரும் கருவியையே அரசுகள் கிராமங்களுக்கு வாங்க வேண்டும்.