தீயும் ஒரு முன்னொட்டும்

ஆங்கிலத்தில் மயக்கந்தரும் சொற்களைப் பற்றிப் பேசும்போது, ஒலியால் ஒத்து எழுத்தால் வேறுபடும் இணைகளையே ஆசிரியர்கள் முதலிற் காட்டுவர். பள்ளி முதல்வரையும் கொள்கையையும் குறிக்கும் இரண்டு 'பிரின்சிபல்'கள் அத்தகையவை. அவற்றால் தேர்வில் ஒரு மதிப்பெண் குறையலாம்; அதற்குமேற் கேடில்லை. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது உயிரோடு தொடர்புடைய ஒரு சொல்: 'இன்ஃபிளாமபிள்'.

எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே அதன் பொருள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு அது ஆங்கிலத்தில் வழங்கிவருகிறது. ஆயினும் தீப்பற்றாதது என்று அதனைப் பிறழக் கொள்வோர் இன்றும் உளர். இம்மயக்கத்தின் வேர் இலத்தீனில் உள்ளது. அம்மொழியில் 'இன்' என்னும் ஒரே வடிவில் இரண்டு முன்னொட்டுகள் உண்டு. ஒன்று 'உள்' என்னும் பொருளது, மற்றொன்று எதிர்மறை. தீமூட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையில் நிற்பது முன்னது. 'இன்விசிபிள்', 'இன்கரெக்ட்' முதலியவற்றில் நிற்பது பின்னது. ஆங்கிலத்தில் எதிர்மறை 'இன்' மிகப் பெருகிவிட்டமையால், புதிய சொல்லொன்றைக் காணும் மாணவர் அதனையே எதிர்பார்க்கிறார். இதனை அறியாமை என்று நாம் கருதவில்லை. கற்ற இலக்கணத்தை முறையாகப் பொருத்தியதன் விளைவே இது.

அவ்வெதிர்மறை 'இன்' நமக்கு அயலானதுமன்று. 'அநீதி' என்பதிலுள்ள வடமொழி 'அ'கரமும் அதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து பிறந்தவை. தமிழிலோ சுட்டெழுத்தாகிய 'அ'கரமும் உண்டு. 'அநீதி' வேறு, 'அந்நீதி' வேறு; இடையில் மிகும் ஓர் ஒற்றே பொருளைக் காக்கிறது. ஆங்கிலத்துக்கு அவ்வொற்று வாய்க்கவில்லை.

ஆதலால் தீத்தடுப்புத் துறையினரே மொழியில் கைவைக்க நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றி அருகியே வழங்கிய 'ஃபிளாமபிள்' என்னும் குறுவடிவத்தை, 1920களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் பரிந்துரைத்தது. 1959இல் பிரிட்டனின் தரநிலை நிறுவனமும் அதனையே ஊக்குவித்தது. சொல்லழகு பேணுவோர் சிலர்க்கு இது உவப்பாயில்லை. எரிபொருள் வண்டியின் பின்னாலுள்ள எழுத்துக்கு அழகு எதற்கு என்பதே நம் வினா.

இக்காலத்தில் அமெரிக்காவில் தீக்காப்புறுதி நிறுவனமொன்றில் ஆய்வாளராய்ப் பணியாற்றியவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். வேதிப்பொறியியல் பயின்ற இவர், பின்னர் சப்பீரிடம் மொழியியல் கற்றார். 1941இல் வெளிவந்த கட்டுரையொன்றில் தம் அலுவல் அனுபவங்களை அவர் எடுத்துரைத்தார். பெட்ரோல் நிறைந்த தோம்புகளின் அருகே மக்கள் மிகுந்த கவனத்துடன் நடந்துகொண்டனர். 'காலித் தோம்புகள்' எனப்பட்டவற்றின் அருகிலோ கவலையின்றிப் புகைத்தனர். உண்மையில் காலித் தோம்பே கொடியது. எரிவது நீர்மமன்று, அதன் ஆவி. காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு பெட்ரோல் ஆவி கலந்திருந்தால், ஒரு பொறி போதும். சுண்ணாம்புக்கல் என்னும் பெயரில் 'கல்' இருந்தமையால், அது தீப்பற்றாது என நம்பி ஏமாந்த ஆலையொன்றையும் அவர் குறிப்பிடுகிறார்.

மொழியே சிந்தனையை ஆள்கிறது என்னும் முடிவுக்கு இச்சான்றுகள் போதா எனப் பின்வந்த மொழியியலார் மறுத்தனர். ஆவியின் இயல்பை அறியாதவர் எம்மொழி பேசினும் புகைப்பார் என்பது அவர்தம் வாதம். அது ஏற்கத்தக்கதே. எனினும், அறிந்தவரையும் ஒரு சொல் அயரச் செய்யும் என்னும் அளவில் வோர்ஃப் கூறியது நிற்கும் என்பது நம் துணிபு.

மலேசியச் சாலைகளில் ஓடும் எண்ணெய் வண்டிகளில் 'முடா தெர்பாக்கார்' என்று மலாயில் எழுதியிருப்பர். 'எளிதில் எரியும்' என்பதில் மயக்கமில்லை. ஆனால் காலியான தோம்புக்கு அவ்வெச்சரிக்கையைத் தொடர்ந்து ஒட்டிவைப்பவர் எத்தனை பேர்? பட்டறையில் அதனை வெட்டவோ பற்றவைக்கவோ முற்படுமுன், ஆவி நீக்கப்பட்டதா என்று கேட்டாக வேண்டும். அவ்விடத்தில் 'காலி' என்னும் நம் சொல்லும் ஆங்கிலச் சொல்லைப் போலவே ஆவியை மறைக்கிறது.