இறுதி மேல்முறையீடு: லண்டன் முதல் தில்லி வரை

வாலாஜாபாத்தில் ஒரு வீட்டு மனைக்கோ பாலாற்றங்கரை நிலத்துக்கோ பங்காளிகளுக்குள் தகராறு எழுந்தால், வழக்கு முதலில் காஞ்சிபுரம் வட்டாரத்து உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கும். அங்கே தோற்றவர் மாவட்ட அளவிலான நீதிமன்றத்துக்கும், பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் செல்லலாம். அதற்கும் மேலே இருப்பது தில்லியிலுள்ள உச்ச நீதிமன்றம். 1949 வரை அந்த இடத்தில் இருந்தது லண்டன் மாநகரின் பிரிவி கவுன்சில்.

காஞ்சிபுரத்தார்க்கு இந்தப் படிகள் புதியவை அல்ல. வரதராசப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதும் உரிமை பற்றிய வடகலை, தென்கலைப் பூசல் 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமம் இடுவது என்ற வழக்கு சீமை வரை போன கதையும் மக்கள் வாய்மொழியில் இன்றும் உலவுகிறது.

ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து மீண்டும் நடத்துவதில்லை. சாட்சிகள் அங்கே வந்து கூண்டில் ஏறுவதில்லை. கீழ் நீதிமன்றங்களில் பதிவான ஆவணங்களை வைத்துக்கொண்டு, சட்டம் சரியாகப் பயன்படுத்தப்பட்டதா என்பதையே அது பெரும்பாலும் பார்க்கிறது. இதனால் ஒரு குடும்பத்தின் வழக்கில் கிடைக்கும் விடை மற்றக் குடும்பங்களுக்கும் சட்டமாகிறது. இந்த முறை எப்படி வளர்ந்தது என்பதைத் தமிழகத்திலிருந்து சென்ற சில வழக்குகள் தெளிவாகக் காட்டுகின்றன.

சீமைக்குச் சென்ற வழி

1726ஆம் ஆண்டின் அரச சாசனம் சென்னையில் மேயர் நீதிமன்றத்தைப் புதிதாக அமைத்தது. அதன் தீர்ப்பின் மீது ஆளுநரின் சபைக்கு முறையிடலாம். வழக்கின் மதிப்பு 1,000 வராகனுக்கு மேல் இருந்தால், இங்கிலாந்து அரசரின் சபைக்கும் போகலாம். பின்னாளில் கம்பெனி ஆட்சியின் சதர் அதாலத்து நீதிமன்றத்திலிருந்தும், 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தும் இதே வழியில் மேல்முறையீடுகள் சென்றன.

அரசரின் சபைக்கு வரும் மேல்முறையீடுகளை முறையாக விசாரிக்க 1833இல் நீதிக்குழு ஒன்று சட்டப்படி அமைக்கப்பட்டது. மக்கள் பிரிவி கவுன்சில் என்று சுருக்கமாகச் சொன்னது இந்தக் குழுவைத்தான். 1838இல் வந்த ஆணை ஒன்றின்படி, வழக்கின் மதிப்பு 10,000 ரூபாயாவது இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கான மனுவை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அக்காலத்தில் 10,000 ரூபாய் என்பது பெரும் சொத்து. ஆகவே ஜமீன்தார்கள், பெருவணிகர்கள், கோயில்கள், மடங்கள் போன்றோரின் வழக்குகளே பெரிதும் கடல் கடந்தன. சிறு நிலக்காரருக்கும் நெசவாளருக்கும் அந்தக் கதவு ஏறத்தாழ மூடியே இருந்தது.

தமிழில் இருந்த ஆவணங்களும் சாட்சியங்களும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுக் கப்பலில் அனுப்பப்பட்டன. லண்டன் டவுனிங் தெருவில் கூடிய நீதிபதிகள் நீதிபதிக்குரிய அங்கி அணியாமல், சாதாரண உடையில் மேசையைச் சுற்றி அமர்ந்து வாதம் கேட்டனர். அவர்கள் வழங்கியது பெயரளவில் தீர்ப்பு அன்று, அரசருக்குக் கூறும் ஆலோசனை. அந்த ஆலோசனை அரச ஆணையாக வெளிவந்தது. நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தாலும் அது வெளியே சொல்லப்படவில்லை. ஒரே கருத்தே வெளியிடப்பட்டது. நெடுங்காலம் இக்குழுவில் இந்தியர் எவரும் இல்லை. 1909இல் சையது அமீர் அலி முதல் இந்தியராக இடம்பெற்றார்.

சிவகங்கை: மகளா, உடன்பிறந்தவர் மகனா?

1801இல் மருது சகோதரர்களின் போருக்கிடையே, சிவகங்கைச் சீமையைக் கம்பெனியார் படமாத்தூர் கௌரி வல்லபத் தேவருக்கு அளித்தனர். அவர் 1829இல் ஆண் வாரிசு இன்றி இறந்தார். அவருக்கு மனைவியரும் மகள்களும் இருந்தனர். ஆனால் ஜமீன் அவருடைய உடன்பிறந்தவரின் மகன் கைக்குப் போயிற்று. குடும்பம் பாகம் பிரியாத கூட்டுக் குடும்பம், ஆகவே பெண்களுக்கு உரிமை இல்லை என்பது அந்தத் தரப்பின் வாதம்.

கைம்பெண்களுள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் வழக்குத் தொடுத்துத் தோற்றார். மேல்முறையீடு முடியுமுன்பே 1850இல் அவர் இறந்தார். அதன்பின் மகள் காத்தம நாச்சியார் வழக்கைத் தொடர்ந்தார். முன்பே முடிந்துபோன வழக்கை மீண்டும் திறக்க முடியாது என்று சென்னையில் அவருக்குக் கதவு அடைக்கப்பட்டது. அவர் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார்.

1863இல் அவர் வென்றார். குடும்பம் பாகம் பிரிந்ததா இல்லையா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே சென்னை நீதிமன்றங்கள் முன்பு வழக்கை நடத்தியிருந்தன. நீதிக்குழுவோ சொத்து எப்படி வந்தது என்று பார்த்தது. ஜமீன் கௌரி வல்லபத் தேவருக்குத் தனியே அளிக்கப்பட்டது. ஆகவே அது அவருடைய சுயார்ஜிதம். கூட்டுக் குடும்பத்தில் இருந்தாலும், ஒருவரின் சுயார்ஜிதச் சொத்து ஆண் பிள்ளை இல்லாதபோது முதலில் மனைவிக்கும், பின்னர் மகளுக்கும் சேரும் என்று அது முடிவு செய்தது. கைம்பெண் நடத்திய வழக்கின் தீர்ப்பு அடுத்த வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். ஆயினும் உரிமை பற்றிய கேள்வி அங்கே முறையாக விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் விளக்கியது. தந்தை இறந்து 34 ஆண்டுகளுக்குப் பிறகு மகளுக்குச் சீமை கிடைத்தது.

இராமநாதபுரம்: நூலா, வழக்கமா?

அண்டையிலிருந்த இராமநாதபுரம் ஜமீனில் கேள்வி வேறு. 1830இல் சேதுபதி இறந்தபின், அவர் மனைவி ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், பங்காளிகளின் இசைவுடன் 1847இல் முத்துராமலிங்கரைத் தத்து எடுத்தார். கணவர் உயிருடன் இருந்தபோது அனுமதி தரவில்லை, ஆகவே தத்து செல்லாது என்றது அரசுத் தரப்பு. தத்து செல்லாவிட்டால் ஜமீன் அரசுக்குப் போகக்கூடும். சென்னை உயர் நீதிமன்றம் தத்து செல்லும் என்றது. மதுரை மாவட்ட ஆட்சியர் மேல்முறையீடு செய்தார்.

1868இல் பிரிவி கவுன்சில் ஆட்சியரின் முறையீட்டைத் தள்ளியது. தென்னாட்டில் கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும், நெருங்கிய பங்காளிகளின் இசைவுடன் கைம்பெண் தத்து எடுக்கலாம் என்று ஏற்றது. நூலில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அந்த நாட்டு மக்கள் எதைச் சட்டமாகக் கொண்டு வாழ்ந்தனர் என்பதையும் நீதிபதி பார்க்க வேண்டும். வழக்கம் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டால் அது நூலை விஞ்சும் என்பது இத்தீர்ப்பின் சாரம். பிற்காலத்தில் எண்ணற்ற வழக்குகளில் இது எடுத்துக்காட்டப்பட்டது. முத்துராமலிங்க சேதுபதியின் மகன் பாஸ்கர சேதுபதியே பின்னர் விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்றவர். கைம்பெண் பிறர் இசைவின்றித் தத்து எடுக்கும் உரிமையை 1956ஆம் ஆண்டின் சட்டம் அளித்தது.

குற்ற வழக்கு: விடுதலை அன்று, மறுவிசாரணை

குற்ற வழக்குகளில் தலையிட பிரிவி கவுன்சில் பெரிதும் தயங்கியது. சான்றுகளை மறுபடி எடைபோடுவது தன் வேலை அன்று என்பதே அதன் நிலை. நீதி முறையே பிறழ்ந்திருந்தால் மட்டும் தலையிட்டது. இதற்குத் தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு.

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். புகழின் உச்சியில் இருந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். ஜூரிகளின் பெரும்பான்மை முடிவின்படி 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தள்ளுபடியானது.

லண்டனில் நீதிக்குழு இவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்று முடிவு கூறவில்லை. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அவ்விசாரணையில், 1947 ஏப்ரலில், இருவரும் விடுதலை ஆயினர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. உச்ச அமைப்பு தானே முடிவு கூறாமல் கீழ் நீதிமன்றத்தை அதன் கடமையைச் செய்ய வைப்பதும் மேல்முறையீட்டின் ஒரு வகை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

தில்லிக்கு வந்த அதிகாரம்

இந்திய அரசியல் நிர்ணய சபை இயற்றிய சட்டத்தின்படி 1949 அக்டோபர் 10 முதல் பிரிவி கவுன்சிலின் அதிகாரம் முடிவுக்கு வந்தது. 1937 முதல் இயங்கிய கூட்டாட்சி நீதிமன்றத்தின் இடத்தில், 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தோன்றியது. தமிழரான ம. பதஞ்சலி சாஸ்திரி 1951இல் அதன் இரண்டாவது தலைமை நீதிபதியானார். தலைமை நீதிபதி உட்பட 8 பேருடன் தொடங்கிய நீதிமன்றத்தின் எண்ணிக்கை 2019இல் 34 ஆக உயர்த்தப்பட்டது.

பண மதிப்பின் வழியே மேல்முறையீட்டை அனுமதிக்கும் பழைய முறை உடனே மறையவில்லை. உரிமையியல் வழக்குகளுக்கு அரசமைப்புச் சட்டம் 20,000 ரூபாய் என்ற வரம்பை வைத்திருந்தது. 1972ஆம் ஆண்டின் 30ஆவது திருத்தம் அதை நீக்கியது. இப்போது 133ஆவது உறுப்பின்படி, பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருப்பதாக உயர் நீதிமன்றம் சான்றளிக்க வேண்டும். சொத்தின் விலை இடம்பிடித்திருந்த இடத்தில் கேள்வியின் முக்கியத்துவம் அமர்ந்தது.

நடைமுறையில் பெரும்பாலான வழக்குகள் 136ஆவது உறுப்பின்கீழ், சிறப்பு அனுமதி மனு என்ற வழியாக வருகின்றன. பொதுவாக, தீர்ப்பு வந்த 90 நாளுக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அனுமதி தருவதா வேண்டாவா என்று முதலில் நீதிபதிகள் பார்ப்பர். இது வழக்காடியின் உரிமை அன்று, நீதிமன்றத்தின் விருப்புரிமை. பல மனுக்கள் இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. அனுமதி கிடைத்தால்தான் அது மேல்முறையீடாக மாறி விரிவான விசாரணைக்குச் செல்லும். பொதுவாக இரண்டு அல்லது மூன்று நீதிபதிகள் அமர்வர். அரசமைப்புச் சட்டத்தின் பொருள் பற்றிய முக்கியக் கேள்வி எழுந்தால் ஐவராவது அமர வேண்டும். பெரும்பான்மைக் கருத்தே தீர்ப்பு. மாறுபட்ட கருத்தும் உடன் வெளியிடப்படும். பிரிவி கவுன்சிலின் வழக்கத்திலிருந்து இது பெரிய மாற்றம்.

தீர்ப்புக்குப் பின் சீராய்வு மனு கொடுக்கலாம். அதுவும் தள்ளுபடியானால், 2002இல் உச்ச நீதிமன்றமே வகுத்த குறைநீக்கு மனு என்ற அரிய வழி உண்டு. 141ஆவது உறுப்பின்படி உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்.

மீண்டும் அதே கேள்வி

காத்தம நாச்சியார் எழுப்பிய கேள்வி 2022இல் மீண்டும் தில்லியில் எழுந்தது. தமிழகத்தில் ஒருவர் 1938இல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கினார். உயில் எழுதாமல் இறந்த அவருக்கு ஒரே மகள். அம்மகளும் பிள்ளையின்றி 1967இல் இறந்தார். நிலம் தந்தையின் உடன்பிறந்தவர் மகனுக்கே சேரும் என்பது ஒரு தரப்பு. அது மகளுக்குச் சேர்ந்து, அவர் மறைவுக்குப் பின் உடன்பிறந்தவரின் பெண் மக்களுக்கும் பங்கு தரும் என்பது மறுதரப்பு. பங்கு கேட்டவரின் வழக்கை விசாரணை நீதிமன்றம் 1994இலும், சென்னை உயர் நீதிமன்றம் 2009இலும் தள்ளுபடி செய்தன.

நில உரிமையாளர் இறந்தது 1949இலா 1957இலா என்பதிலும் தகராறு இருந்தது. 1949 என்றால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய மரணம். அப்படியே கொண்டாலும் மகளுக்கு உரிமை உண்டா என்பதையே உச்ச நீதிமன்றம் சட்டக் கேள்வியாக எடுத்துக்கொண்டது. பழைய நூல்களோடு சிவகங்கைத் தீர்ப்பையும் பார்த்தது. தந்தையின் சுயார்ஜிதச் சொத்து 1956க்கு முன்பும் மகளுக்கே சேரும் என்று 2022 ஜனவரி 20 அன்று தீர்ப்பளித்து, கீழ் நீதிமன்றங்களின் முடிவுகளை மாற்றியது.

1863இலேயே விடை சொல்லப்பட்ட கேள்வி இது. ஆனாலும் இரண்டு நீதிமன்றங்கள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தன. அவற்றைத் திருத்த 2022 ஆயிற்று. உச்ச நீதிமன்றம் உரைக்கும் சட்டம் எல்லோருக்கும் பொது. அது ஒரு குடும்பத்தின் வாசலுக்கு வந்து சேர, அக்குடும்பத்தில் யாரேனும் ஒருவர் செலவையும் ஆண்டுகளையும் தாங்கிக் கடைசிப் படிவரை ஏற வேண்டியிருக்கிறது. தந்தையின் நிலத்துக்கு உரியவரென்று 2022இல் அறிவிக்கப்பட்ட அந்த மகள், அதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.