விளிம்பில்லாத படிகமும் நானோகுழாயும்

கையில் எடுக்கும் எந்தப் படிகத்துக்கும் விளிம்பு உண்டு. கணக்கில் மட்டும் கிடையாது. 1912-இல் மாக்ஸ் போர்னும் தியோடர் ஃபான் கார்மானும் அணுக்களின் அதிர்வை ஆராய்ந்தபோது, படிகத்தின் ஒரு முனை மறுமுனையோடு இணைந்திருப்பதாக வைத்துக்கொண்டார்கள். 1928-இல் ஃபெலிக்ஸ் பிளாக் படிகத்துக்குள் எலக்ட்ரான் அலையாகப் பரவும் விதத்தை நிறுவவும் இந்த ஏற்பாடே உதவியது. எலக்ட்ரான்களுக்கு இடமுள்ள ஆற்றல் வரம்புகளை, அதாவது ஆற்றல் பட்டைகளை, கண்டறியும் கணக்கு அதிலிருந்து வளர்ந்தது. எல்லையற்ற பொருளுக்கு எழுந்த கணக்கு நானோமீட்டர் அளவுத் துண்டுக்கு உதவாது என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் கரியின் வரலாறு அதை ஏற்கவில்லை.

கனடாவின் அணுசக்தி ஆய்வில் ஈடுபட்டிருந்த ஃபிலிப் வாலஸ், 1947-இல் கிராஃபைட்டின் பட்டைகளைக் கணக்கிட்டார். ஒற்றை அடுக்கில் நிரம்பிய பட்டையும் காலிப் பட்டையும் சில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்வதைக் கண்டார். 1991-இல் சுமியோ இஜிமா கரி நானோகுழாய்களைக் காட்டினார். மறு ஆண்டே அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனிக் குழுக்கள் அவற்றின் பட்டைகளைக் கணக்கிட்டுவிட்டன. அடிப்படை, வாலஸ் கண்ட அதே அடுக்குதான். அதைக் குழாயாகச் சுருட்டினால், சுற்றளவுக்குள் முழு எண்ணிக்கையில் அடங்கும் அலைகளுக்கே இடமுண்டு. அந்த அலைகளில் ஒன்று தொடுபுள்ளியில் விழுந்தால் குழாய் உலோகம், இல்லையேல் குறைகடத்தி. சுருட்டும் விதத்தைக் குறிக்கும் இரண்டு முழு எண்களின் வித்தியாசம் 3-ஆல் வகுபட்டால் உலோகம் என்ற எளிய விதி இப்படித்தான் பிறந்தது. போர்னும் கார்மானும் வசதிக்காக வைத்துக்கொண்ட இணைப்பு, குழாயின் சுற்றளவில் மெய்யாகவே இருக்கிறது! 1998-இல் டெல்ஃப்ட், ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வருடு ஊடுருவல் நுண்ணோக்கியால் (STM) தனித்தனிக் குழாய்களை அளந்து அந்த விதியை உறுதிசெய்தார்கள்.

குழாயின் நீளத்துக்கு முடிவு உண்டே என்று கேட்கலாம். 1 மைக்ரோமீட்டர் நீளக் குழாயில் அடுத்தடுத்த ஆற்றல் மட்டங்களின் இடைவெளி ஏறத்தாழ 2 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ சுமார் 25. அந்த இடைவெளி வெப்பத்தில் கரைந்துபோகிறது. டெல்ஃப்ட்டில் 1999-இல் குழாயை 30 நானோமீட்டருக்கு வெட்டிப் பார்த்தபோது, உள்ளே நின்ற அலைகளின் நீளம் பட்டைக் கணக்கோடு ஒத்துப்போனது. வலுவான ஆட்சேபம் வளைவைப் பற்றியது. சுருட்டும்போது பிணைப்புகளும் வளைவதால், விதிப்படி உலோகமாக வேண்டிய பல குழாய்களில் பட்டைகளுக்கு நடுவே சிறு இடைவெளி திறக்கிறது. 1992-இன் ஜப்பானியக் கணக்கு இதை முன்பே சொல்லியிருந்தது. 2001-இல் சோதனையும் காட்டியது. ஆக, எளிய விதிக்குத் திருத்தம் வேண்டியிருந்தது, பட்டைக் கருத்துக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தக் கருத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எந்தத் திசையிலும் நீளாத, சில நூறு அணுக்களே கொண்ட துகளில் பட்டையைத் தேடுவதில் பயனில்லை. அங்கே ஒவ்வொரு மட்டத்தையும் தனியே கணக்கிடுவதே முறை.