கைநாட்டு முதல் டிக் வரை: சம்மதம் யாருக்காக?



எங்கள் திருவொற்றியூர் பக்கம் ஒருவரைக் 'கைநாட்டு' என்றால் படிக்காதவர் என்று அர்த்தம். இன்று பட்டம் வாங்கியவரும் ரேஷன் கடையில் விரலைத்தான் வைக்கிறார். இந்தக் கைநாட்டை முதலில் கேட்டது யார், எதற்காக?

1858-ஆம் ஆண்டு, வங்காளத்தின் ஜங்கிப்பூர். சாலை போடும் சரக்கு சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரோடு ஒப்பந்தம் போட்டார் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி. கோனாயின் உள்ளங்கையில் மை தடவி அந்தத் தாளிலேயே பதிய வைத்தார். பிற்பாடு "இது என் கையெழுத்தே இல்லை" என்று அவர் மறுக்கக் கூடாதாம்! ஆக, அந்தச் சம்மத அடையாளம் பாதுகாத்தது கொடுத்தவரை அல்ல, வாங்கியவரை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் கலந்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. புயல் நிவாரணமான 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக வந்தது. கார்டு இல்லாதவர்கள் வங்கிக் கணக்கு விவரத்தோடு மனு கொடுத்தார்கள். வலையும் படகும் எண்ணெயாகி நிற்கிறவர் "இந்த விவரமெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்பாரா?

சரி, கொடுத்த விவரம் கசிந்தால்? தமிழக ரேஷன் பட்டியலிலிருந்து சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் வெளியானதாக 2021-ல் ஒரு இணையப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அதற்கு ஈடு கேட்க வழி உண்டா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கவனக்குறைவால் விவரம் கசிந்து நஷ்டம் வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தர வேண்டும் என்றது. ஆனால் அது நிறுவனங்களுக்கு மட்டும்தான், அரசுத் துறைகளுக்கு இல்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதன் பிறகு 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்கு விவரம் கேட்கிறார்கள் என்பதைத் தமிழிலேயே படிக்கும் வசதி தர வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது இந்தச் சட்டம். அரசுத் துறைகளும் இதற்குள் வருகின்றன, ஆனால் மானியம், உதவித்தொகை போன்றவற்றுக்குச் சம்மதம் இல்லாமலே விவரத்தைப் பயன்படுத்த அரசுக்கு இடம் உண்டு. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் போவது மத்திய அரசின் கஜானாவுக்கு. விவரத்தைப் பறிகொடுத்தவருக்குப் பங்கு கிடையாது. போதாக்குறைக்கு, ஈடு கேட்க இருந்த 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. 2025 நவம்பரில் வந்த அறிவிப்பின்படி 18 மாதம் கழித்து அந்த நீக்கம் அமலாகும்.

ஹெர்ஷல் காலத்து உள்ளங்கை இன்று ஒரு சின்னக் கட்டமாகிவிட்டது. லாபம் யாருக்கு என்பது மட்டும் அதிகம் மாறவில்லை என்பது என் கருத்து.

பக்கத்து வீட்டு ஆயா படிவம் நிரப்பக் கூப்பிடுவது நம்மைத்தானே? டிக் போடுவதற்கு முன்னால் எதற்கு, யாருக்கு, எத்தனை நாளைக்கு என்ற மூன்றையும் அவருக்காக நாம் கேட்போம்.