மூணாவது பிள்ளையின் வரலாறு

மும்பை ஆட்டோவில் மூணு பேர்தான் ஏறலாம். கருப்பு மஞ்சள் டாக்சியில் நாலு பேர். நாங்கள் அஞ்சு பேர். செம்பூர் ஸ்டேஷனிலிருந்து செட்டா நகர் முருகன் கோவிலுக்குக் குடும்பத்தோட கிளம்பினா ரெண்டு ஆட்டோ பிடிக்கணும். சுற்றுலா பேக்கேஜ்னா "ரெண்டு பெரியவர், ரெண்டு குழந்தைகள்". பேங்கில் நிரப்பும் பல படிவங்களிலும் பிள்ளைகள் பேர் எழுத ரெண்டே கட்டம்தான். மூணாவது பேரை ஓரத்தில் பொடி எழுத்தில் நுணுக்கி எழுதிப் பழகிட்டேன்.

இந்த 'ரெண்டு' எங்கேருந்து வந்துச்சு, மூணாவது பிள்ளை எப்போ கணக்குக்கு வெளியே போச்சுன்னு கொஞ்ச நாளாகவே குடைஞ்சுக்கிட்டிருந்தேன். படிச்சது பி.காம்., பார்க்கிறது வங்கி வேலை. அதனால எதையும் லெட்ஜர் மாதிரி தேதி போட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். பார்த்தா, எழுபத்தஞ்சு வருஷக் கதை. அதில் பாதி நான் குடியிருக்கிற இந்தச் செம்பூரைச் சுத்தியே நடந்திருக்கு.

ஆரம்பத்தில் கோடு ரெண்டில் இல்லை, மூணில்தான் இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஆர்.ஏ.கோபாலசுவாமி, ஐ.சி.எஸ். அப்போ நாட்டின் ஜனத்தொகை சுமார் 36 கோடி. அவர் தன் அறிக்கையில் ஒரு புதுச் சொல்லைக் கொண்டு வந்தார். தமிழில் சொன்னா 'முன்யோசனையற்ற தாய்மை'. ஏற்கெனவே மூணோ அதுக்கு மேலேயோ பெற்று, அதில் ஒண்ணாவது உயிரோட இருக்கும்போது மறுபடியும் ஒரு பெண் பெற்றால் அது முன்யோசனையற்ற தாய்மை. அப்பாவுக்கு அந்த மாதிரி பட்டம் எதுவும் இல்லை, கவனிங்க! இதே கோபாலசுவாமி பிறகு சென்னை மாகாணத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தை 1956ல் தொடங்கி வைத்ததும் அந்தச் சென்னை அரசுதான்.

பம்பாய்க் கதை இன்னும் பழசு. 1921லேயே ரகுநாத் தோண்டோ கார்வே இங்கே கருத்தடை ஆலோசனை மையம் திறந்துட்டார். கணக்குப் பேராசிரியர். இந்தப் பிரச்சாரத்துக்காகக் கல்லூரி வேலையை இழந்தவர். 1949ல் தன்வந்தி ராமா ராவ் பம்பாயில் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கணவர் பெனகல் ராமா ராவ் அப்போ ரிசர்வ் வங்கி கவர்னர் (எங்க துறை ஆளாச்சே, சொல்லாம இருக்க முடியுமா!). 1952 நவம்பரில் பம்பாயில் நடந்த உலக மாநாட்டில்தான் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேசக் கூட்டமைப்பே பிறந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் நம்ம அரசாங்கம் இதுக்கு ஒதுக்கிய தொகை 65 லட்சம் ரூபாய்.

1956ல் மத்திய அரசும், ஐ.நா.வும், சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு மக்கள்தொகைப் பயிற்சி ஆராய்ச்சி மையத்தை ஆரம்பித்தன. எங்கே? நம்ம செம்பூரில். டெமிங்குடன் சேர்ந்து 1949ல் பிறப்பு இறப்பைக் கணக்கிட ஒரு முறையைக் கண்டுபிடித்த சி.சந்திரசேகரன் அதன் இயக்குநராக இருந்திருக்கார். இப்போ அது சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் என்ற பேரில் தேவ்னாரில், கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில் இருக்கு. செம்பூருக்கு அடுத்த ஸ்டேஷன். இந்தியாவில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைங்க, யார் என்ன கருத்தடை செய்துகொண்டார்கள் என்று சொல்லும் தேசிய குடும்பநல ஆய்வு அங்கேருந்துதான் வருது.

அந்த மையத்துக்குப் பக்கத்திலேயே, எந்த ஆய்வும் எட்டிப் பார்க்காத ஒரு வீட்டுக்குத்தான் என் மாமியார் கல்யாணமாகி வந்தாங்க.

(கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.) அத்தைக்கும் எனக்கும் ஒரே ஊர்ப்பக்கம், திருநெல்வேலி ஜில்லா. 1969ல் வரும்போது அவங்களுக்கு வயசு இருபத்தொண்ணு. மாமாவுக்கு மாஹுல் பக்கம் ஒரு ரிஃபைனரியில் ஷிப்ட் வேலை. ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு ரூம், ஒரு கிச்சன். கிச்சன் மூலையில் குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாத்துக்கும் ஒரே மோரி. விடிகாலை நாலரைக்குக் குழாயில் தண்ணி வரும், ஆறு மணிக்குப் போயிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ட்ரம் நிரப்பி, துணி அலசி, மாமாவுக்கு டப்பா கட்டணும். மாமா நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து பகல்ல தூங்கினா, பிள்ளைங்களைச் சத்தம் போடாம வராந்தாவிலேயே வச்சிருக்கணும்.

அப்போ ஊரெல்லாம் சிவப்பு முக்கோணம். தலைகீழ் முக்கோணத்தையும், அப்பா அம்மா ஒரு பையன் ஒரு பொண்ணுன்னு நாலு முகம் உள்ள போஸ்டரையும் பரப்பியவர் டி.கே.தியாகி என்ற அதிகாரி. வாசகம் என்ன தெரியுமா? 'இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் போதும்'. 1968ல் நிரோத் வந்தது. மூணு பதினஞ்சு பைசா. டீத்தூள், சோப்பு, சிகரெட் விற்கும் கம்பெனிகளின் வண்டிகளிலேயே அதுவும் ஏறி மூலைமுடுக்குப் பெட்டிக்கடை வரைக்கும் போச்சு. 'நாம் இருவர் நமக்கு இருவர்' அதுக்கு அப்புறம் வந்தது. ஆக, அத்தைக்கு முதல் பிள்ளை பிறந்த 1970ல் மூணு பிள்ளைங்கிறது அரசாங்கமே சம்மதிச்ச அளவு. ரெண்டாவது 1973ல். மூணாவது 1976ல்.

அந்த மூணாவதுதான் எங்க ரங்கமணி :-)

அவர் வயித்தில் இருந்த வருஷம் எமர்ஜென்சி. 1976 ஏப்ரல் 16ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சர் கரண் சிங் தேசிய மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்தார். கட்டாயக் கருத்தடைக்கு மாநிலங்கள் விரும்பினால் சட்டம் போடலாம் என்றது அது. அப்படி ஒரு மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றிய மாநிலம் நம்ம மகாராஷ்டிரா. மூணு பிள்ளைகள் உயிரோட இருந்தால் கட்டாயக் கருத்தடை. ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்காததால் அது கடைசிவரை சட்டமாகலை. 1977 தேர்தல் முடிஞ்சதும் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பேரையே மாத்தி 'குடும்ப நலம்' ஆக்கிட்டாங்க.

ஆனா சட்டம் இல்லாமலேயே நடந்தது எவ்வளவு? 1975-76ல் 26 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன்கள். அடுத்த வருஷம், 1976-77ல், 82 லட்சத்துக்கும் மேல். அதில் சுமார் 62 லட்சம் ஆண்கள். அரசு ஊழியர்களுக்கு ஆள் பிடிக்க இலக்கு கொடுத்தது, சம்பளத்தை நிறுத்தியது எல்லாம் பிறகு ஷா கமிஷன் விசாரணையில் பதிவாச்சு.

காலனியில் ஆம்பளைங்க சாயங்காலம் டீக்கடைப் பக்கமே போகாம இருந்தாங்கன்னு அத்தை சொல்வாங்க. மாமா ரெண்டு வாரம் சுத்து வழியா வேலைக்குப் போனாராம். ரங்கமணி பிறந்த மூணாம் நாள் பிரசவ வார்டிலேயே அத்தைக்கு ஆபரேஷன் முடிஞ்சது. அந்த ஆஸ்பத்திரி எதுன்னு இங்கே வேண்டாம். நான் ஒருமுறை, "பயந்துட்டீங்களா அத்தை?"ன்னு கேட்டேன். கத்தரிக்காய் நறுக்கிக்கிட்டே நிதானமா சொன்னாங்க: "பயமெல்லாம் இல்லட்டி. எனக்கே மூணோட போதும்னுதான் இருந்துச்சு. ஆனா எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. உங்க மாமாட்ட கையெழுத்து வாங்குனாக, அம்புட்டுத்தான்."

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அவங்களுக்கு வேண்டியதுதான் நடந்தது. ஆனா அது அவங்க முடிவா நடக்கலை.

எமர்ஜென்சிக்குப் பிறகு ஆண்களைத் தொட எந்த அரசாங்கத்துக்கும் துணிச்சல் வரலை. மொத்தக் கணக்கும் பொம்பளைங்க பக்கம் சாய்ந்தது. 2019-21 குடும்பநல ஆய்வைப் பாருங்க. கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வது சின்ன ஆபரேஷன், அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். பெண்ணுக்கு வயித்தைக் கிழிக்கணும். அதோட மறுவாரமே குடம் தூக்கணும். அத்தை தூக்கினாங்க.

1930களிலேயே பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியிருக்கார். மற்றவங்க நாட்டு வறுமைக்காக, உடல்நலத்துக்காகக் கர்ப்பத்தடை வேணும்னு சொன்னபோது, அவர் பெண்ணின் சுதந்திரத்துக்காக வேணும்னார். கருவி ஒண்ணுதான், காரணம்தான் வேற. அரசாங்கங்கள் எடுத்துக்கிட்டது முதல் காரணத்தை. அதனாலதான் 'எத்தனை' என்ற கேள்வி மட்டும் போஸ்டரில் வந்தது. 'யார் முடிவு' என்ற கேள்வி வரவே இல்லை.

இப்போ என் முறை. மூத்தவ 2005, நடுவில் உள்ளவன் 2008, கடைக்குட்டி 2013. மூணாவது நாங்களா விரும்பிப் பெத்துக்கிட்டதுதான். இதைச் சொன்னா இன்னிக்கும் சிலர் நம்ப மாட்டேங்கிறாங்க, "அடுத்தது பையன் வேணும்னா?"ன்னு கேட்கிறாங்க. பையன்தான் ஏற்கெனவே இருக்கானே!

பேங்க் விதிப்படி பேறுகால விடுப்பு ஒரு தடவைக்கு ஆறு மாசம், மொத்த சர்வீஸுக்கும் பன்னிரண்டு மாசம். ரெண்டு பிரசவத்திலேயே என் கணக்கு தீர்ந்து போச்சு. மூணாவதுக்குச் சேர்த்து வச்சிருந்த பி.எல். எல்லாம் போட்டுத் தீர்த்து, மூணரை மாசத்தில் திரும்பப் போனேன். வருமான வரியிலும் இதே கதை. 1961ஆம் வருஷச் சட்டத்தில் 80சி கீழே பள்ளிக் கட்டணக் கழிவு ரெண்டு பிள்ளைகளுக்குத்தான். விடுமுறைப் பயணச் சலுகைக்கான வரிவிலக்கு, 1998 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த மூணாவது பிள்ளைக்குக் கிடையாது. ரெண்டாவது பிரசவம் இரட்டையாப் போனா மட்டும் மன்னிப்பு! மகாராஷ்டிரா 2005ல் கொண்டுவந்த சிறு குடும்ப விதிகளின்படி மாநில அரசு வேலைக்கும் ரெண்டுதான் எல்லை. 2017ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமா உயர்த்தினபோதும், ஏற்கெனவே ரெண்டு பிள்ளை இருந்தால் 12 வாரம்னு எழுதி வச்சாங்க. மூணாவது பிரசவத்தில் உடம்பு சீக்கிரம் தேறிடும்னு யார் சொன்னாங்களோ!

2025 மே மாதம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் அடங்கியது என்று சொல்லியிருக்கு. முதல் கல்யாணத்தில் ரெண்டு பிள்ளை இருக்குன்னு சொல்லி மறுகல்யாணத்துப் பிள்ளைக்கு விடுப்பு மறுத்த வழக்கு. அன்னிக்கு அந்தச் செய்தியை அத்தைக்கு உரக்க வாசிச்சுக் காட்டினேன். "இப்பவாச்சும் கேட்டாகளே" என்றாங்க.

இதுக்கிடையில் காத்து எதிர்ப்பக்கம் வீச ஆரம்பிச்சிருக்கு. 1992-93ல் ஒரு பெண்ணுக்கு சராசரி 3.4 பிள்ளையா இருந்தது 2019-21ல் 2.0. மகாராஷ்டிராவில் 1.7, தமிழ்நாட்டில் 1.8. 2024 அக்டோபரில் ஒரு கல்யாண மேடையில் தமிழக முதல்வராக இருந்த ஸ்டாலின், தொகுதி குறையும் நிலைமையைப் பார்த்தா பதினாறு பெற்றால் என்ன என்று தோணுதுன்னு பேசினார். அதே சமயம் சந்திரபாபு நாயுடு அதிகம் பெறச் சொன்னார். ரெண்டுக்கு மேல் இருந்தா உள்ளாட்சித் தேர்தலில் நிக்க முடியாது என்ற விதியையும் ஆந்திரா 2024 நவம்பரில் எடுத்துப் போட்டது. டிசம்பரில் நாக்பூரில் மோகன் பாகவத் மூணு வேணும் என்றார். 1951ல் கோபாலசுவாமி கோடு போட்ட அதே மூணு!

நான் யாரையும் பெத்துக்கோன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. மேடையில் பேசறவங்க யாரும் மத்தியான டப்பாவைப் பத்திப் பேசறதில்லையேன்னுதான் யோசிக்கிறேன். எங்க வீட்டில் காலை ஆறு மணிக்கு காலேஜ் டப்பா, ஏழேகாலுக்கு ஜூனியர் காலேஜ் டப்பா, பதினொண்ணே முக்காலுக்கு மத்தியான ஷிப்ட் ஸ்கூல் டப்பா. ஒருத்திக்குத் தேங்காய் ஆகாது, ஒருத்தனுக்கு சப்பாத்தி மட்டும், கடைக்குட்டிக்கு தயிர் சாதம் தவிர வேற இறங்காது. மூணாவது ஷிப்டை எழுபத்தேழு வயசு அத்தை பார்த்துக்கிறாங்க. அதனால நான் கவுண்டரில் உட்கார முடியுது. 2019ல் அரசே எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதுக்குச் செலவிடுவது நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். எங்க ரங்கமணி சராசரிக்கு மேல்தான், சந்தேகமில்லை. ஞாயித்துக்கிழமை மீன் அவர் பொறுப்பு.

மூணு பிள்ளை வேணும்னு கேக்கிற அரசாங்கம், மூணாவது பிரசவத்துக்கு முழு விடுப்பு, பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு காப்பகம், அந்த ரெண்டு கட்டப் படிவத்தில் இன்னொரு கட்டம், இதிலேருந்து ஆரம்பிக்கட்டும். எல்லாத்துக்கும் முன்னாடி, பெத்து வளர்க்கப் போறவளை ஒரு வார்த்தை கேட்கட்டும்.

உங்க வீட்டுப் பெரியவங்களிடம் 1976 பத்திக் கேட்டுப் பாருங்க. முக்கியமா, பாட்டிகளிடம். அவங்களைத்தான் அப்போ யாரும் கேட்கலை.